கீழே இறங்கி வந்த கூட்டம்

காலை 7.15. சென்னை ரயில் வங்காளத்துச் சாந்த்ராகாச்சி யார்டுக்கு வெளியே நின்று நின்று என் உயிரை வாங்கிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அங்கிருந்து பாலிகஞ்சுக்கு பஸ், இருபத்தைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால், ஆட்டோக்காரர் கல்யாணி வீட்டுச் சந்து முனையிலேயே கையை விரித்தார். "உள்ள போனா வண்டியத் திருப்ப முடியாது தீதி." முக்கால் கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

கல்யாணி என் சித்தி மகள். இதே சந்தில் தினமும் ஊன்றுகோலுடன் இரண்டு முறை நடக்கிறாள். சிறு வயதில் போலியோ. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை. போன மழையில் வழுக்கி விழுந்ததில் அடிபட்ட முட்டி இன்னும் வீங்கியிருந்தது.

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்க்கா."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு?"

"சாயங்காலம் பாடாவுல ஓட்டு இருக்கு. அதுல தோத்தா விட்டுடுவேன்."

பாடா என்றால் தெருக்காரர்கள் எல்லோரும். துர்கா பூஜைக்கு வீட்டுக்கு வீடு சந்தா கொடுப்பார்கள். இந்த வருடம் பந்தலின் உயரத்தைக் குறைத்து, மிச்சப் பணத்தில் டோட்டோ என்கிற பாட்டரி வண்டி ஒன்று வாங்கிச் சந்துக்குள் ஓட விடலாமா என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு ஒரு ஓட்டு.

மதியம் தெருவில் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விசாரித்தேன். "பக்கத்துப் பாடா பந்தல் நம்மளவிட உசரமா நின்னா மானம் போயிடாதா?" என்றார் இனிப்புக் கடைக்காரர். சாமிக்குக் கொடுத்த காசில் வண்டியா என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலை 5.30. கூட்டம் பாடாவின் கிளப் கட்டிடத்து முதல் மாடியில். குறுகலான இருபத்திரண்டு படிகள், கைப்பிடி கிடையாது. அறையில் தூக்கிய கை மட்டும்தான் கணக்கு. வண்டிக்கான ஓட்டை மாடியில் வைத்த புத்திசாலிகளை என்ன சொல்வது!

"வா, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"என்னை யாரும் தூக்க வேணாம்." முதல் படியில் உட்கார்ந்து, மேலே பார்த்து வங்காள மொழியில் குரல் கொடுத்தாள்: "ஷௌமென்தா, நீச்சே ஆஷுன்! எல்லாரும் கீழ வாங்க!"

ஷௌமென்தா, அதாவது ஷௌமென் அண்ணன், கிளப் செயலாளர்; ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உன் கருத்தைச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"கருத்து இல்ல, ஓட்டு. அதை நான்தான் போடுவேன்."

படியை அடைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையவில்லை. என் பங்குக்கு நானும் தமிழில் கத்தினேன். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளோடு எல்லோரும் தெருவுக்கு இறங்கினார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். வண்டி வேண்டாம் என்று இருபத்தொன்று. வேண்டும் என்று, கல்யாணியையும் சேர்த்து, பதினெட்டு. கல்யாணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது எதிர்வீட்டு வாசலில் வாக்கரைப் பிடித்தபடி ஒரு கிழவி கையைத் தூக்கினாள். "என் வீட்டு ஓட்டும் உண்டு." அடுத்த ஜன்னலில், மூச்சிரைக்கும் பெரியவர் ஒருவர். அப்புறம் நிறைமாதக்காரி ஒருத்தி. அப்புறம் தடியோடு ஒருவர். வருடா வருடம் சந்தா கொடுப்பவர்கள். இந்த மாடியை ஒருநாளும் ஏறாதவர்கள். செயலாளர் நோட்டைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். வண்டி வேண்டும் என்று இருபத்திரண்டு.

"அடுத்த கூட்டமும் கீழதான்னு எழுதுங்க ஷௌமென்தா" என்றாள் கல்யாணி. எழுதி முடிக்கும்வரை அவள் நகரவில்லை.

மூன்றாம் நாள் திருச்சிக்கு ரயில் ஏறினேன். எங்கள் குடியிருப்பிலும் சங்கக் கூட்டம் உண்டு, மொட்டை மாடியில். காற்று வரும் என்று அங்கே வைக்கச் சொன்னதே நான்தான். யார் யார் வருவதில்லை என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை, நாற்காலிகளைக் கீழே இறக்குவது.