ஓடாத குதிரையும் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையும்

ஜட்கா ஓட்றவனுக்கு மூணு பாஷை வேணும்: குதிரைக்கு ஒண்ணு, சவாரிக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒரு கும்புடு. சண்டை வந்து ஆவடில வெள்ளக்காரன் பட்டாளம் எறங்குனதும் நாலாவதா இங்கிலீசும் வேணும்னுட்டாங்க. லகான் புடிச்சுக் கை காய்ச்சுப்போன கூட்டாளிங்களே, மத்தவங்க சிரிச்சாலும் நீங்களாவது எனக்கு உச்சு கொட்டுங்க.

பித்தளை வில்லை

ஆவடி கேம்பு கேட்டாண்ட வண்டி நிறுத்தணும்னா பித்தளை வில்லை வேணும், அதான் லைசென்சு. வில்லை இருந்தா சோல்ஜருங்களை ஏத்திகினு நாள் பூரா ரயில் டேசனுக்கும் கேம்புக்கும் ஓட்டலாம். இல்லாட்டி பூந்தமல்லி சந்தையில கீரைக்கட்டு ஏத்தணும், கீரைக்காரிங்க வாயில வுழுந்து எழுந்திருக்கணும். அதுக்கு ஜப்பான்காரன் குண்டே தேவலாம்.

எவனோ ஒருத்தன் குதிரை மெரண்டு ஒரு சோல்ஜரை ஏரித் தண்ணியில கொண்டுபோய் எறக்கிட்டுதாம். அதுலருந்து கேம்புக்கு வந்த புது சார்ஜெண்ட் சட்டம் போட்டுட்டாரு: மெரண்டு ஓடற குதிரைக்கு வில்லை கெடையாது. மாசக் கடைசில பரிட்சை. குதிரையாண்ட வெடி போடுவாங்க, வண்டிக்காரனாண்ட இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்க. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே சவாரி எறக்கத்தான். கேம்புல பட்லர் வேலை பாத்துகினு இருந்த அந்தோணி அண்ணன் கால்ல போய் வுழுந்தேன்.

"ரன் அவேன்னா ஓடிப்போறது. சார்ஜெண்ட் 'ரன் அவே?'ன்னு கேப்பாரு. நீ 'நோ ரன் அவே, சார்'னு சொல்லிட்டு வாயை மூடிக்க"ன்னாரு.

"மூடிக்கணுமா? இன்னும் நாலு வார்த்தை எடுத்து வுடுண்ணே"ன்னேன்.

அண்ணன் தலையில அடிச்சிகினாரு: "உனக்கு இங்கிலீசு கத்துக்குடுக்கறது ஈசி நைனா. வாயை மூடக் கத்துக்குடுக்கறதுக்குத்தான் காலேஜ் கட்டணும்!"

காத்து மாத்த வந்த வக்கீல்

வார்த்தை துருப் புடிக்கக்கூடாதுன்னு ஏறின சவாரி மேலெல்லாம் போட்டுப் பாத்தேன். அப்போ பட்டணத்துல ஜப்பான்காரன் குண்டு வுழப்போவுதுன்னு ஒரே பேச்சு. ஜனம் மூட்டை முடிச்சோட நம்ம பக்கம் வந்துகினே இருந்துச்சு. அப்பிடித்தான் எழும்பூர் வக்கீல் ஒருத்தர் சம்சாரத்தோட ஆவடி டேசன்ல எறங்கி, திருவேற்காட்டுக்கு என் வண்டியில ஏறுனாரு. நல்ல கனம் மனுசன். பின்னாடி குந்துனதும் முன்னாடி ஏர்க்கால் தூக்கிடுச்சு. "முன்னால தள்ளிக் குந்து சாமி, குதிரை ஆகாசத்துல கீது!"ன்னு கத்துனேன். கோர்ட்டுல வாய்தா வாங்கற மாதிரி மெதுவா நவுந்தாரு.

கொஞ்ச தூரம் போனதும், "சார் ரன் அவே?"ன்னு கேட்டேன். மனுசனுக்கு மூக்கு வெடைச்சிடுச்சு. "யாருடா ரன் அவே? நாங்க காத்து மாத்த வந்துருக்கோம்!"ன்னாரு. அந்தம்மா மடியில குத்துவிளக்கு, காலடியில அம்மிக்கல்லு. அவரைப் பாக்காம என்னைப் பாத்து சொன்னாங்க: "காத்து மாத்த வர்றவரு அம்மிக்கல்லை எதுக்குப்பா தூக்கிகிட்டு வராரு? பக்கத்து வீட்டுல அலமாரி வுழுந்ததுக்கே கட்டிலுக்கடியில பூந்தவரு. நீ ஓட்டு."

ஓடிப்போறதுக்கு வண்டி

என் குதிரையைப் பத்தி சொல்லணும். பேரு சுந்தரி. பூந்தமல்லில ஜட்கா வெச்சிருந்த மஸ்தான் பாய்கிட்ட வாங்குனது. "ஓடாத குதிரை மாமே"ன்னு தாடியத் தொட்டு சத்தியம் பண்ணித்தான் குடுத்தாரு.

பரிட்சைக்கு மொத நாள் சாயங்காலம், கொரட்டூர் ஏரியாண்ட ஒரு பொண்ணும் ஒரு புள்ளாண்டானும் ஏறுனாங்க. அம்பத்தூர் டேசன் போவணுமாம். "கொரட்டூர் டேசன் இங்கியே கீதே"ன்னேன். புள்ளாண்டானுக்கு வேர்த்து ஊத்துது. பொண்ணுதான், "அங்க எங்க மாமன் டிக்கெட் குடுக்கறாரு"ன்னுச்சு. நமக்குப் புரிஞ்சிபோச்சு. வார்த்தை இவ்ளோ பொருத்தமா வுழுதேன்னு சந்தோசத்துல, "யூ ரன் அவே?"ன்னுட்டேன். அவன் வண்டிலருந்து குதிக்கப் பாத்தான். பொண்ணு சொக்காயைப் புடிச்சு இழுத்துக் குந்த வெச்சுது.

அம்பத்தூர் கடைத்தெருவுல ஒரு மாப்ளை ஊர்வலம், பேண்டு வாத்தியத்தோட வந்துச்சு. டமார்னு ஒரு அடி அடிச்சாங்க. அவ்ளோதான். சுந்தரி தலையைக் குனிஞ்சா, காலைத் தூக்கித் தூக்கி வெச்சா, வண்டியோட போய் பேண்டுக்கு முன்னாடி நின்னு ஆட ஆரம்பிச்சிட்டா. லகானை இழுக்கறேன், கெஞ்சறேன், அவ பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுத்துத் திட்டறேன், ஊஹூம். வண்டியில கீறதுதான் கல்யாண ஜோடின்னு நெனச்சிகினு எவனோ பன்னீர் தெளிக்கிறான். ஒரு அம்மா ஆரத்தித் தட்டோட ஓடியாறாங்க. அந்தாண்ட ரயில் கூவுது. அந்தப் பொண்ணு மூஞ்சில வழிஞ்ச பன்னீரைத் தொடச்சிகினு, என் முதுகுல ஒண்ணு வெச்சுது: "அண்ணாத்தே, ஓடிப்போறதுக்கு வண்டி கேட்டா ஊர்வலம் வுட்றியே!"

பாயோட சத்தியம்

ரெண்டு பேரும் குதிச்சு ஓடி ரயிலைப் புடிச்சிட்டாங்க, நிம்மதியா இருங்க. எனக்குத்தான் நிம்மதி போச்சு. நேரா மஸ்தான் பாய் ஊட்டுக்குப் போனேன். "இன்னா குதிரை பாய் இது?"ன்னேன். அப்பத்தான் சாவகாசமா சொல்றாரு: சுந்தரி ஜட்காவுக்கு வர்றதுக்கு முன்னாடி கல்யாணத்துக்குக் கல்யாணம் மாப்ளையை ஏத்திகினு பேண்டுக்கு முன்னாடி ஆடுனவளாம். வெடிக்கு மெரள மாட்டாளாம். பேண்டு கேட்டா மட்டும் ஆடாம வர மாட்டாளாம்.

"யோவ் பாய், கேம்புல பட்டாள பேண்டு கீதுய்யா! நாளைக்குப் பரிட்சைய்யா! வில்லை போச்சுன்னா நான் கீரைதான்யா ஏத்தணும்!"ன்னு குதிச்சேன். பாய் தாடியை நீவிகினே கேட்டாரு: "ஓடாதுன்னுதானே சத்தியம் பண்ணேன்? எங்கனா ஓடுச்சா? நின்னு நிதானமா ஆடுச்சு. பொய் சொன்னேனா, சொல்லு மாமே!"

பரிட்சை

காலைல கேம்பு மைதானத்தோரம் வண்டிங்களை வரிசையா நிறுத்துனாங்க. வெடி போட்டாங்க. எனக்கு முன்னாடி நின்ன ஒரு குதிரை பட்டாபிராம் பக்கம் போச்சு, இன்னொண்ணு சமையல் கொட்டாய்க்குள்ள பூந்துச்சு. சுந்தரி காதைக்கூட ஆட்டலை. சார்ஜெண்டுக்கு ஒரே குஷி. வில்லையைக் கையில எடுத்துகினு, வண்டியில ஏறிக் குந்தி, "ரன் அவே?"ன்னாரு. "நோ ரன் அவே, சார்"னேன். வாயையும் மூடிகினேன். கொட்டாய் வாசல்ல நின்ன அந்தோணி அண்ணன் முகத்துல அப்பிடி ஒரு பெருமை.

அப்பத்தான் மைதானத்துல பட்டாளத்துப் பரேடுக்குப் பேண்டு ஆரம்பிச்சுது.

சுந்தரி தலையைக் குனிஞ்சா. வண்டியில சார்ஜெண்ட், லகான்ல தொங்கிகினு நான். நேரா பட்டாளத்து நடுவுல பூந்து, பேண்டுக்கு முன்னாடி போய் ஆட ஆரம்பிச்சா. சார்ஜெண்ட் புது மாப்ளை கணக்கா செவந்துபோய் குந்திகினு கீறாரு, பன்னீர்தான் பாக்கி. நமக்குத் தெரிஞ்சதே அவ்ளோதானே, "நோ ரன் அவே, சார்! நோ ரன் அவே!"ன்னு கத்திகினே போறேன். பரேடு பாத்துகினு கேம்போட பெரிய தொரை நின்ன எடத்துக்குப் போனதும், பொண்ணு ஊட்டு வாசல்ல பண்ற மாதிரி சுந்தரி முன்னங்காலை மடிச்சு ஒரு சலாம் போட்டா பாருங்க, தொரை வவுத்தைப் புடிச்சிகினு சிரிச்சாரு. என்னமோ இங்கிலீஷ்ல சொன்னாரு. அந்தோணி அண்ணன் ஓடியாந்து எனக்குத் தமிழ்ல சொன்னாரு: "சட்டத்துல குதிரை ஓடக்கூடாதுன்னுதான் கீதாம், ஆடக்கூடாதுன்னு இல்லியாம். வில்லையைக் குடுத்துடச் சொல்றாரு!"

சார்ஜெண்ட் எறங்குனாரு. வில்லையை என் மேல வுட்டெறிஞ்சாரு. எனக்குப் புரியணுமேன்னு எனக்குத் தெரிஞ்ச வார்த்தையிலயே பேசுனாரு, அது அவரு பெரிய மனசு: "ஹார்ஸ் நோ ரன் அவே. நவ், யூ ரன் அவே!"

ஓடாத குதிரைக்குன்னு குடுத்த வில்லையைப் புடிச்சிகினு, வண்டியை அங்கியே வுட்டுட்டு கேட்டு வரைக்கும் ஓடுனவன் நான் ஒருத்தன்தான். சுந்தரி பேண்டு முடியற வரைக்கும் இருந்து ஆடிட்டு, மரியாதையா அப்புறமா வந்து சேந்தா.