இரண்டு பதினாலு

வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் இனிமேல் முதலிலிருந்து கல்லூரிக்குப் போக வேண்டாமாம். இங்கேயே ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் ஒரு வருடம் வேலை பார்த்தால் போதுமாம். அதற்கப்புறம் ஒரே ஒரு பரீட்சைதானாம். உரிமம் கைக்கு வந்துவிடுமாம்.

மாடிவீட்டு அக்கா, குடியிருப்பின் துணி துவைக்கும் அறையில், இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி அவளிடம் சொன்ன செய்தி இது. அக்காவுக்குச் சொன்னது அவருடைய வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்குச் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். அந்த மேஜைக்காரருடைய மைத்துனியும் பல் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அவள் இதை ஒரே மூச்சில் ஒப்பித்தபோது, கணவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

“நாலு ‘ஆம்’ இருக்கு, டாக்டர். ஒரு ‘ஆம்’னா நம்பலாம். ரெண்டுன்னா விசாரிக்கலாம். நாலுன்னா போய்த் துணியைக் காயப்போடலாம்.”

“துணி காஞ்சு மடிச்சும் வெச்சாச்சு. நீங்க விசாரிங்க.”

அவன் ஒருவன்தான் இப்போதும் அவளை டாக்டர் என்று கூப்பிடுவான். அதில் பாதி கேலி, பாதி மனசு உறுத்தல். ரயில் சிக்னல் பொறியாளரான அவனுக்கு இங்கே வேலை கிடைத்ததால்தான், ஒன்பது வருடம் நடத்திய கிளினிக்கைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் நாலு வயதுக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். பெயர்ப்பலகையை மட்டும் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள். அது இன்றும் அலமாரிக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்கிறது.

வந்த நாலு வருடத்தில் அவள் சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் மறுபடி படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரி ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தது. குட்டி அப்போது இருட்டில் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். ஆறு மணி நேரத் தொலைவுக்குக் காதை நீட்ட முடியாது என்று அதை விட்டாள். பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே எக்ஸ்ரே பார்த்து, இந்தப் பல்லுக்குச் சிகிச்சை தேவை, அந்தப் பல்லுக்குத் தேவையில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டே மாதம். ஆளைப் பார்க்காமல் வாய்க்குத் தீர்ப்பு எழுதுவது கிளி ஜோசியம் மாதிரி இருக்கிறது என்று அதையும் விட்டாள். பல் கட்டும் கூடத்தில் மெழுகில் பல் செதுக்கி நல்ல பெயர்கூட வாங்கினாள். ஆனால் அந்தப் பற்கள் ஒன்றும் ‘வலிக்குது’ என்று சொல்லவில்லை. அவளுக்கு அது சரிப்படவில்லை.

கடைசியில் வந்து சேர்ந்ததுதான் இந்தக் கிளினிக். மூன்று நாற்காலி, இரண்டு மருத்துவர்கள். உரிமையாளர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. அவர் பெரிய டாக்டர். கல்லூரியை முடித்து இரண்டு வருடம் ஆன பையன் சின்ன டாக்டர். அவள் உதவியாளர். கருவிகளைக் கழுவி, வேகவைத்து, தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும். நீட்டிய கையில் கேட்ட கருவியை வைக்க வேண்டும். வாயை மட்டும் திறக்கக் கூடாது. ‘உதவியாளர்கள் நோயாளியின் முன் பற்களைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது’ என்று கருவி கழுவும் அறையின் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

அங்கே அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: பதினாலு.

அது முதல் வாரம் வாங்கிய பெயர். “பதினாலைப் பிடுங்கணும், தட்டு ரெடி பண்ணுங்க” என்றார் பெரிய டாக்டர். அவள் படித்த ஊரில் வாயை நாலு வீடாகப் பிரிப்பார்கள். முதல் எண் எந்த வீடு என்று சொல்லும். அடுத்த எண், நடுவிலிருந்து அந்த வீட்டில் எத்தனையாவது பல் என்று சொல்லும். அந்தக் கணக்கில் பதினாலு என்றால் ஒன்று, நாலு: மேலே வலது பக்கம் நாலாவது பல். இங்கேயோ தெருவில் கதவு எண் போடுவதுபோல் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வரிசையாக எண்ணிக்கொண்டே போகிறார்கள். இந்த ஊர்ப் பதினாலு மேலே இடது பக்கத்துக் கடைவாய்ப்பல். அவள் எடுத்து வைத்த இடுக்கி அந்தப் பல்லுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெலிந்த இடுக்கி. கிளினிக் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டது வேறு விஷயம்.

கணவன் நிஜமாகவே விசாரித்தான். பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போன் போட்டு, ஐம்பது நிமிடம் காத்திருப்பு இசை கேட்டு, அந்த இசையை முணுமுணுத்துக்கொண்டே வந்து சொன்னான்.

“நாலு ‘ஆம்’ல மூணை எடுத்துட்டேன். நிஜம். ஆனா இருபதே இடம். நீ வேலை பாக்கற கிளினிக் ஓனர், ‘இவங்க கைக்கு நான் பொறுப்பு’ன்னு கையெழுத்துப் போடணும்.”

அந்தப் படிவம் பெரிய டாக்டரின் மேஜையில் மூன்று வாரமாகக் கிடந்தது. அதன்மேல் முதலில் ஒரு காபிக் கோப்பை ஏறியது, பிறகு ஒரு பிளாஸ்டர் பல் அச்சு, பிறகு இன்னொரு கோப்பை. ஒருநாள் அவள் துணிந்து கேட்டாள். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க கருவி எடுத்துக் குடுக்கறதைத்தான் பாத்திருக்கேன். உங்க கை வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லையே. எதை வெச்சுக் கையெழுத்துப் போட?”

அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கையைக் காட்டினால் சட்ட விரோதம். காட்டாவிட்டால் கையெழுத்து இல்லை. “உங்க சிக்னல்ல ரெண்டு பக்கமும் சிவப்பு விழுந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கணவனிடம் கேட்டாள். “இறங்கிப் போய் ஒயரைப் பாப்போம்” என்றான் அவன். அவளுக்கு எந்த ஒயர் என்றுதான் தெரியவில்லை.

படிவம் போய்ச் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை காலையில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஊர்ப் பாஷை பிடிபடவில்லை. எங்கே வலி என்று கேட்டால் தலையாட்டினார். இந்தப் பக்கமா என்றாலும் ஆட்டினார், அந்தப் பக்கமா என்றாலும் ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து, சொந்த ஊரில் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். மடித்து மடித்துக் கிழிகிற பதத்தில் இருந்த அந்தச் சீட்டில், ‘பிடுங்கவும்’ என்று பொருள்படும் மருத்துவச் சொல் ஒன்றும் பதினாலு என்ற எண்ணும் இருந்தன.

சின்ன டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். இந்த ஊர்ப் பதினாலில் பழைய பெரிய அடைப்பு, அதன் கீழே லேசான நிழல். பார்த்தாலே குற்றவாளி முகம். தலையை அசைத்துவிட்டு, நோயாளியின் இடது கன்னத்தை விலக்கி, திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார். இரண்டு வருடமாக அந்தக் கை நீண்டதும் மரப்பு ஊசி அதில் வந்து உட்கார்ந்துவிடும்.

இன்று உட்காரவில்லை.

சற்று முன் அந்த மனிதர் வாய் கொப்பளித்ததை அவள் பார்த்திருந்தாள். தண்ணீர் வலப்பக்கம் போய்விடாமல் தலையை இடப்பக்கமாகச் சாய்த்தே கொப்பளித்துத் துப்பினார். ஊசி அவள் கையிலேயே இருந்தது. நீட்டிய கை ஒருமுறை விரலை ஆட்டிக் கேட்டது. சுவரில் ஒட்டியிருந்த வரி அவள் கண்முன் ஓடியது.

“டாக்டர், அது பதினாலு இல்ல,” என்றாள். “ஒண்ணு, நாலு. வலது பக்கம்.”

“பதினாலுன்னுதான எழுதியிருக்கு?”

“அவங்க ஊர்ப் பதினாலு. நான் மொத வாரம் பண்ணின அதே தப்பு. நான் அங்கேருந்து வந்து பண்ணினேன், நீங்க இங்கேருந்து பண்றீங்க.”

சின்ன டாக்டரின் காது சிவந்தது. அதற்குள் பெரிய டாக்டர் வாசலில் வந்து நின்றிருந்தார். கையுறை மாட்டி, கடிக்கும் குச்சியை எடுத்து, முதலில் இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடிக்கச் சைகை காட்டினார். மனிதர் சாதுவாகக் கடித்தார். வலப்பக்கம் நாலாவது பல்லில் வைத்ததும், நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பினார். அதன்பிறகு அவர் ஆட்டியது வேறு விதமான தலையாட்டல். எக்ஸ்ரேயில் பிடிபடாத விரிசல், பல்லின் நெடுக ஓடியிருந்தது.

பிறகு கருவி கழுவும் அறைக்குப் பெரிய டாக்டர் வந்தார்.

“நோயாளி முன்னாடி பல்லைப் பத்திப் பேசினீங்க.”

“ஆமா, டாக்டர்.”

“சுவத்துல ஒட்டியிருக்கறது நீங்க படிக்கத்தான்.”

“படிச்சேன், டாக்டர். அதான் வாயைத் திறக்க நாலு செகண்ட் லேட்டாயிடுச்சு.”

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈரக் கையுறைக்குள் அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. “சாயங்காலம் போன் பண்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அவள் அந்த மூன்று சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒருபுறம் திருப்பினால் கையெழுத்து. மறுபுறம் திருப்பினால், நாளையிலிருந்து வர வேண்டாம்.

வீட்டில் குட்டி வாயைத் திறந்துகொண்டு வாசலிலேயே நின்றாள். எட்டு வயதாகிவிட்டது, நாலு நாளாக ஒரு பால்பல் ஆடுகிறது. இந்த வீட்டில் இன்னும் பழைய கணக்குதான், வாய்க்கு நாலு வீடு. பால்பற்களுக்கு மட்டும் வீட்டு எண் ஐந்தில் தொடங்கும். “அம்மா, அஞ்சு ரெண்டு இன்னிக்குக் கண்டிப்பா விழுந்துடும். நீயே எடு. அப்பா நூல் கட்டறேங்கறாங்க.”

“பொறியாளருங்க பல்லுல கை வெக்கக் கூடாது. சட்டம்,” என்றாள் அவள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். குட்டியைச் சமையல்மேடைமேல் உட்கார வைத்து, விளக்குப் பக்கமாக முகவாயைத் திருப்பி, சின்னத் துண்டுத் துணியால் பல்லைப் பிடித்தாள். பிடித்ததும் விரல் நடுக்கம் நின்றுவிட்டது. அதை அவளே கவனித்தாள்.

“பெரிய டாக்டர் போன் பண்ணுவாங்களாமா?” என்றாள் குட்டி, வாய் திறந்தபடியே, பாதி எழுத்துகளை விழுங்கி.

“‘ஆம்’ எல்லாம் கிடையாது,” என்றான் கணவன். “பண்றேன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க.”

அப்போது போன் அடித்தது. கணவன் பாய்ந்து போய் எடுத்து, திரையில் பெரிய டாக்டரின் பெயரைப் பார்த்து, அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பல் ஒரு நூலிழையில் நின்றது.

“ஆடாதே, கண்ணு,” என்றாள் குட்டியிடம். போன் மூன்றாவது முறை அடித்தது. நாலாவது முறையும்.