ஊசி குதிக்கக் கூடாத ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் மாடிப்படியின் குறுக்கே உட்கார்ந்திருந்தேன். சூலியா தெருவுக்குப் பின்னால், கடைக்கு மேலே, மரத்தளம் போட்ட வீடு. யார் நடந்தாலும் பலகை அதிரும். மேலே என் மகன் கேசட் பதிந்துகொண்டிருந்தான்.

ஓட்டல் டிஸ்கோ ஒன்றில் இசைத்தட்டு போடுவது அவன் வேலை. கோலாலம்பூரில் ஹவுஸ் மியூசிக் என்ற ஆட்ட இசையை வெளியிடும் கம்பெனி ஒன்று, பல பாட்டுகளை ஒரே ஆள் கலந்து கோத்த ஆல்பம் போட இருந்தது. ஒரு பாட்டு முடிவது தெரியாமல் அடுத்தது நுழைய வேண்டும், நடுவில் நிற்கவே கூடாது. யார் கலந்தது நன்றாக இருக்கிறதோ அவன் பெயரில் வரும். கம்பெனிக்காரர் அன்று மாலை கேசட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறப் போகிறார். டிஸ்கோவில் இரவல் வாங்கிய மெஷினும் பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போக வேண்டும். காலையில் பதிந்ததை நானே கெடுத்தேன். அடுப்படிக்கு நடந்தேன், இசைத்தட்டில் ஓடிய ஊசி குதித்துவிட்டது. இது கடைசி வாய்ப்பு. அதனால்தான் படியில் காவல்.

பாதி ஓடியிருக்கும். என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மேலே அவர்கள் மகளின் கல்யாணப் பத்திரிகை. என் கணவர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார்.

"எழுந்திரும்மா. ராகு காலம் வர்றதுக்குள்ள குடுத்துட்டுப் போறோம்," என்றார் பெரியவர்.

"கொஞ்ச நேரம் நில்லுங்க மாமா. பையன் மாடில ரெக்கார்ட் பண்றான். நடந்தா ஊசி குதிச்சிரும்."

"நாங்க என்ன யானையா?"

"என்னச் சொல்லல லா, உங்களத்தான் சொல்றா," என்றார் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர்.

பெரியவர் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்டார். "ஒரே அடி அடிக்குது. எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு தெரியல. இதுக்கா எங்கள வாசல்ல நிறுத்துற?"

"முடியுறது தெரியக்கூடாது மாமா. அதான் அவன் வேலையே."

"வாசல்ல நின்னு சொல்றது சாவுச் சேதி. கல்யாணத்த வீட்டுக்குள்ள வந்து சொல்லணும். உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? வந்தவர் யாரையும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியவள் இல்லை நான். முகம் எரிந்தது.

அவர் செருப்பைக் கழற்றி முதல் படியில் கால் வைத்தார். பலகை முனகியது. நான் இரண்டு பக்கக் கைப்பிடிக் கட்டையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். குறுகிய படி, என்னைத் தொடாமல் ஏற முடியாது. தம்பி பெண்டாட்டியை மூத்தார் தொடமாட்டார். அதை நம்பித்தான் பிடித்தேன்.

"கைய எடு."

"மாட்டேன் மாமா."

கண் அவர் மேல், காது மாடியில். அடி பிசகவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தோடு திரும்பி நடந்தார்.

"பிடிவாதக்காரி லா நீ," என்று அக்கா பின்னாலேயே போனார். பெரியவர் கார்க் கதவை அடித்துச் சாத்தினார். மேலே இசை ஓடிக்கொண்டே இருந்தது. அது அடங்கும்வரை நான் கட்டையை விடவில்லை.

மகன் கேசட்டோடு இறங்கி வந்தான். "ஒரு எடத்துலகூட குதிக்கலம்மா." யார் வந்து போனார்கள் என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"பெரியப்பாவையா திருப்பி அனுப்பின? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா."

"நிறுத்துவேன்னுதான் கூப்பிடல. நீ போய் கேசட்ட குடு. அவர நான் பாத்துக்கிறேன்."

கம்பெனி அவன் கலந்ததையே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சேதி வரச் சில வாரமானது, அதுவரை நான் காத்திருக்கவில்லை. மறுநாளே கணவரை அழைத்துக்கொண்டு ஃபெரி ஏறி, அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்தார், வெளியே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றோம், வெயில் உச்சிக்கு ஏறியது.

"போயிரலாமா?" என்றார் என் கணவர்.

"நில்லுங்க."

கடைசியில் அக்கா வந்து கேட்டைத் திறந்தார். கூடத்தில் பெரியவர் தாம்பாளத்தை எடுத்து வைத்திருந்தார்.

"உன் மவன் ரெக்கார்ட் பண்ணது சரியா வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

மன்னிப்புக் கேட்பேனா என்று பார்த்தார். பிறகு தாம்பாளத்தை நீட்டினார். கும்பிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.