வேலை இல்லை என்று யாராவது சொல்லவேண்டும்

என் மாமனார் மழை பெய்யும் காலைகளில் மட்டும் வேலைக்கு உடுத்திக்கொள்வார். மற்ற நாட்களில் கைலியும் பனியனுமாக நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மனிதர். விடியும் நேரத்தில் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் எழுந்து, காக்கிக் கால்சட்டையும், ரப்பர் பால் தெறித்துக் கறுத்துப்போன முழுக்கைச் சட்டையும், பழைய துணித் தொப்பியும் போட்டுக்கொள்வார். முன்கூடத்துக் கதவைத் திறந்து வைத்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார். எங்கும் போகமாட்டார். போவதற்கு இடமும் இல்லை. அவர் முப்பது வருடம் மரம் வெட்டிய, அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்த, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, குடும்பம் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இந்த வரிசை வீட்டுக்கு வந்து, நான் மருமகளாக வந்தபோது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்பது மணிவாக்கில் எழுந்து, உடையை மாற்றிக்கொண்டு, மறுபடியும் நாளிதழை எடுப்பார். அவருக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியாவுக்கு, இந்த ஈப்போவுக்கு வந்தது 1978இல், கல்யாணமாகி. ஊர் அருப்புக்கோட்டை. மதுரையில் மருத்துவ ஆய்வகப் படிப்பு முடித்து, ஒரு வருடம் இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொண்டிருந்தவள். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. வீட்டில் நான்கு பேர்: மாமா, லாரிப் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர் கணேசன், தொழிற்சாலைக்குப் போகும் நாத்தனார் கமலா, நான். அத்தை நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். படத்தில்கூட எதையோ காது கொடுத்துக் கேட்பவர்போல் தலையைச் சற்றுச் சாய்த்திருப்பார்.

எங்கள் ஊரில் காலையில் மழை பெய்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். குடம், அண்டா, அடுக்குப் பாத்திரம் எல்லாம் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நிற்கும். பெரியவர்கள்கூடக் காரணமில்லாமல் சிரிப்பார்கள். இந்த வீட்டில் மழை வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கமலாகூட, பேசாமல் இருக்கவே தெரியாத பெண், மெதுவாக நடப்பாள். வந்த புதிதில், ஒரு மழைக் காலையில் சந்தோஷமாக, "மாமா, எவ்வளவு நல்ல மழை!" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் வீட்டிலோ கேதம் நடக்கும்போது பாட்டுப் பாடிவிட்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் அப்பா அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவர். ஆறு நாளும் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஞாயிறு ஒன்றுதான் அவர் உட்கார்ந்து சாப்பிடும் காலை. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் காலை என் பொறுப்பு. என்னென்ன சமைப்பது என்று சனிக்கிழமை மாலையே ஒரு தாளில் எழுதிவைப்பேன். அப்பா பலகையில் அமர்ந்ததும், "இன்னைக்கு என்ன லிஸ்ட்டு, வாசி கேப்போம்" என்பார். நான் வாசிப்பேன். ஏதாவது ஒன்றில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார். நான் இங்கே வந்த ஏழாவது மாதம் அவர் இறந்துபோனார். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இனி வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அங்கேயே இரு" என்று அண்ணன் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. வெண்பொங்கல், மெதுவடை, இட்லி, இரண்டு சட்னி, முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்ட கேசரி. ஆட்டுக்கல்லில் ஆட்டி, எல்லாம் எட்டு மணிக்கு மேசைக்கு வந்துவிடும். கமலா மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள்.

"அண்ணி, இது பசியாறலா, இல்ல வீட்டுல யாருக்காச்சும் கல்யாணமா? எனக்குன்னா சொல்லிருங்க, மாப்பிள்ளைய ஒரு பார்வை பாத்துக்குறேன்."

இங்கே காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்கிறார்கள். கணவர் பட்டறை ஆளாகவே நின்றபடி இரண்டு வடையை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு" என்பார். மாமா வந்து பார்ப்பார். "பொறவு பாக்கலாம்மா" என்று சொல்லி, பால் சேர்க்காத கோப்பியும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார். மதியச் சோறு என் கையால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்தான். காலை மட்டும் இல்லை. அத்தை போனபிறகு ஒரு நாளும் அவர் யார் கையாலும் பசியாறியதில்லை என்று கமலா சொன்னாள். ஒரே ஒரு காலை அவர் என்முன் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடவேண்டும். அந்த வருடம் முழுவதும் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. அது யாருக்காக என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழமையெல்லாம் எங்களுக்கு ஏது அண்ணி?" என்றாள் கமலா ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டு. "ஞாயிறும் மரம் வெட்டப் போயிருவாங்க. அஞ்சு மணிக்கு வெறும் தேத்தண்ணி. பொறவு காட்டுக்குள்ளயே ஆறிப்போனத சாப்பிடறது. மழ வந்தாதான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. பாலு வடியுற மங்குல தண்ணி விழுந்துருச்சுன்னா பாலு வீணாப்போவும்ல? வேல கெடையாது, சம்பளமும் கெடையாது. அன்னிக்குத்தான் அம்மா சார்டின் மீன் டின்ன ஒடைக்கும். அப்பா திட்டுவாரு. 'சம்பளந்தான் போச்சு, வாயும் போவணுமா?'ன்னு அம்மா கேக்கும்."

அத்தையின் மழைக் காலைப் பட்டியலை அவளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, மார்ஜரின் தடவித் தடிமனாகச் சுட்ட கோதுமை ரொட்டி. வெங்காயமும் அரைத்த மிளகாயும் போட்டு வதக்கிய சார்டின் சம்பால். சீனி தூவிப் பொரித்த வாழைப்பழம். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி. அளவு கேட்டால், "மாவு கையில ஒட்டாம இருக்கும்" என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. ஊறவைக்கவோ புளிக்கவைக்கவோ எதுவும் இல்லை. முந்தைய நாள் திட்டமிட முடியாத மனிதர்களின் சமையல் அது. நான் மாவு, தேங்காய், டின் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தேன். இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

முதல் காலை மழை வந்ததும் ஆறரைக்கே அடுப்பைப் பற்றவைத்தேன். ஏழு மணிக்கு ரொட்டியும் சம்பாலும் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மாமா தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இப்பவே எதுக்கும்மா அடுப்பப் பத்தவச்சே?"

குரலில் கோபமா பயமா என்று தெரியவில்லை. மறுபடி மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு ஆறி, மார்ஜரின் வெள்ளையாக உறைந்தது. உப்பு கூடியிருக்கும் என்று நோட்டில் எழுதினேன். அடுத்த மழைக்கு உப்பைக் குறைத்து, தேங்காயைக் கூட்டி, இன்னும் சீக்கிரமாகச் செய்தேன். அவர் தொடவில்லை. ஆய்வகத்தில் முடிவு தவறாக வந்தால் முதலில் அளவைத்தான் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று பக்கம் அளவாக எழுதிவிட்டேன்.

நோட்டைப் பார்த்த கணவர் அதை மூடி என்னிடம் கொடுத்தார்.

"அளவுல ஒண்ணும் இல்ல. நேரந்தான். மழ விட்டுச்சுன்னா எட்டு மணிக்குக்கூட வேலைக்குக் கூப்பிட்டுருவாங்க. தோட்டத்து ஆபீசு மணி அடிச்சாத்தான் அன்னிக்கு வேல இல்லேன்னு முடிவு. அதுக்கு முன்னாடி அடுப்பு பத்தவச்சா, சம்பளம் போவட்டும்னு நாமளே கேட்ட மாதிரி. லயத்துல ஒரு வீட்டுலயும் பொகை வராது. எல்லாரும் உடுத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"இங்கே அந்த மணி எப்படிக் கேட்கும்?"

"அங்கயே கேக்காதுலா. அந்த மழ சத்தத்துல எங்க கேக்கும்? அம்மாதான் லயத்துக் கோடிக்குப் போயி நின்னு, காது குடுத்துக் கேட்டுட்டு வரும். வந்து சொல்லும்."

"என்ன சொல்லுவாங்க?"

சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் சார்டின் வாங்கப் போனபோது சீனர் கடை முதலாளியான தவுக்கே சிரித்தார். மழை பெய்த பிறகெல்லாம் நான் டின் வாங்குவதைக் கவனித்திருக்கிறார். ஏன் என்று மலாயில் கேட்டார். புதிதாகக் கற்ற மலாயில், அப்பா மணிக்காகக் காத்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் யோசித்தார். ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு சைக்கிள் மணியை எடுத்துத் தூசி தட்டி, என் முகத்துக்கு நேரே இரண்டு தடவை அடித்துக் காட்டினார். "பாகுஸ்!" என்று, சத்தம் நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார். சிரித்துவிட்டேன். வீடு வரும்வரை அந்த மணியோசை காதிலேயே இருந்தது. எனக்கு வேண்டியது மணி இல்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

மூன்றாவது மழை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அடுப்பைத் தொடவில்லை. மாமா உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்காமலே கணவர் வேலைக்குப் போகாமல் நின்றார். கமலா தொழிற்சாலைப் பேருந்தைத் தவறவிட்டாள். எட்டு மணி ஆயிற்று. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டு வரிசையின் கோடிவரை நடந்தேன். ஊரை ஒட்டிய சுண்ணாம்பு மலை முழுவதும் மறைந்திருந்தது. துண்டு நனைந்து, முடி நனைந்து, கழுத்தில் நீர் இறங்கியபோது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, அருப்புக்கோட்டைக்காரியாக மனம் குளிர்ந்தது. கூடவே, பக்கத்தில் இன்னொருத்தி தலையைச் சாய்த்து நிற்பதுபோலவும் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும்தான். கேட்கவேண்டிய நேரம்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"வேலை இல்லியாம். வாங்க, பசியாறலாம்."

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். ஆணியில் மாட்டினார். எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்து, மேசையை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். கணவரும் கமலாவும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அடுப்பை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நான் உட்காரக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாவு பிசைந்து, நின்றுகொண்டே சுட்டுப் போட்டேன். மாமா நான்கு ரொட்டி சாப்பிட்டார். ஐந்தாவதைப் பிட்டு, பாதியைத் தட்டின் அந்த ஓரத்தில், அடுப்புப் பக்கமாக வைத்தார்.

"உப்பு கொஞ்சம் பத்தல" என்றார்.

"பாத்தீங்களா அண்ணி, மூணு பக்கம் எழுதியும் பெயில்" என்று கமலா சிரிக்கத் தொடங்கி, முடிக்காமல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

என் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தலையத் தொவட்டு. காச்ச வந்துரும். எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டே."

அதற்குமுன் அவர் என்னிடம் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கணவர் கை தட்டில் அப்படியே நின்றது. "சரி" என்றேன். துவட்டிக்கொண்டேன். யார் குரலில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்த வார ஞாயிறு மழை இல்லை. சனிக்கிழமை ஊறப்போட்டிருந்ததை ஆட்டுக்கல்லில் போட்டு, காலை ஆறரை மணிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பட்டியல் இருந்தது. பொங்கல், வடை, கேசரி. மாமா கைலியோடு பின்வாசலில் வந்து நின்றார். பட்டியலை எடுத்தார். தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவர்; எழுத்து எழுத்தாக, வாய்விட்டு வாசித்தார். கேட்கமுடியாமல் குழவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் தாளை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

"இன்னிக்கு வேல இல்லம்மா" என்றார்.

"மழையே இல்லையே மாமா."

"தெரியும். வேல இல்லேன்னு சொன்னேன்லா. எந்திரி."

எழுந்தேன். அப்பா இறந்த செய்தி வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு, முதல் தடவையாக அழுதேன். அவர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்து எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, கோப்பி கலக்கப் போனார்.

இப்போது நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மழைக் காலைகளில் வரிசையின் கோடிவரை போய் நின்று வந்து சொல்வது என் வேலையாகவே ஆகிவிட்டது. தாமதத்துக்குக் கிளினிக்கில் பழகிவிட்டார்கள். உப்பும் சரியாகிவிட்டது. அன்று அழுதபின் பின்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்தபோது, மலையின் மேல் நல்ல வெயில் ஏறியிருந்தது. அருப்புக்கோட்டையில் இன்னும் விடிந்திருக்காது. ஆட்டுக்கல்லில் பாதி அரைபட்ட உளுந்து நுரைத்துக் கிடந்தது. அங்கே அப்பாவிடமும் யாராவது போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பலகை போட்டு, பட்டியலுக்காக, உட்கார்ந்திருப்பார்.