ஹெர்மின் வாசித்த அறுபத்துமூன்றாவது வரி

ஹெர்மின் மெட்சாகோவைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்தவன் நான். இன்றைக்கு நானும் ஒரு ஜெர்மன் வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன் என்றால் அந்தச் சோற்றில் பாதி அவள் போட்டது. இதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஜெர்மனா ஸ்பானிஷா என்று கேட்பார்கள். நான் ஜெர்மன் வகுப்புக்குப் போனது ஸ்பானிஷ் வகுப்பில் பெஞ்சு நிரம்பிவிட்டதால். ஹெர்மின் தானாகவே கேட்டுப் போனாள். அந்த ஜெர்மன் வாத்தியார் பிள்ளைகளை அடிக்க மாட்டார் என்பதுதான் காரணம். பெரிய லட்சியம் எதுவும் அப்போது இல்லை என்று அவளே சொல்வாள்.

ஆனால் வீட்டில் அது பெரிய சண்டையானது. அவள் அப்பா அஸாங்கே ட்சாங் நகரத்துக்கு வெளியே காப்பித் தோட்டம் வைத்திருந்தார். குடும்பத்தின் வாரிசு அவர்தான். எங்களிடம் வாரிசு என்றால் நிலத்துக்கு மட்டும் இல்லை, முன்னோர்களின் மண்டை ஓடுகள் இருக்கும் சின்ன வீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அங்கே உப்பும் பனை எண்ணெயும் வைத்து, ஆடு அறுத்து, வீட்டில் பிள்ளை பிறந்தது முதல் கூரை ஒழுகியது வரை எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரர்கள் எங்கள் நாட்டை ஆண்ட காலத்தில் அஸாங்கேயின் தாத்தா ட்சோபெங்கை மூட்டை தூக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். தலை கிடைக்காதவர்களுக்கு, அவர்கள் புதைந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து பானையில் வைத்தால் அது தலைக்குச் சமம். ட்சோபெங் எங்கே புதைந்தார் என்றே தெரியாமல் மூன்று தலைமுறை தவித்தது. கடைசியில் குறி சொல்கிறவர் ஒருவர், கடல் ஓரத்தில் கிடக்கிறார் என்று சொல்ல, வாரிசான புதிதில் அஸாங்கே விக்டோரியா தோட்டங்கள் வரை பஸ் ஏறிப் போய் மண் எடுத்து வந்தார். அந்த வீட்டிலேயே அவர் அதிகம் பெருமைப்பட்டது அந்தப் பானையைப் பற்றித்தான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "அப்பா, நான் ஜெர்மன் படிக்கப் போறேன்" என்றால் என்ன நடக்கும்?

"உன் கொள்ளுத்தாத்தா முதுகுல மூட்டைய ஏத்துனவன் பாஷைடி அது. பிரெஞ்சுக்காரன் பாஷைல படிச்சாச்சு, இங்கிலீஷும் கொஞ்சம் வருது. மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தானா?"

"திட்டுறதுக்காவது அவன் பாஷை தெரிஞ்சிருக்க வேணாமாப்பா?"

அதோடு அன்றைக்கு விட்டார். பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். ஆனால் அங்கே என்ன படிக்கிறாய் என்று அந்த ஐந்து வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விடுமுறைக்குப் போனால் காப்பி விலையைப் பற்றிப் பேசுவார். அவ்வளவுதான்.

எங்கள் ஜெர்மன் துறை இரண்டு அறையும் ஒரு ஒழுகும் தாழ்வாரமும். தலைவி மேடம் பயீகா. காலை எட்டு மணி வகுப்பு என்றால் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். "அவங்க பாஷை மட்டும் வேணும், அவங்க கடிகாரம் வேணாமா?" என்று கேட்பார். நாங்கள் பாதிப் பேர் அவர்களுடைய பண்பாட்டை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கற்றோம். ஹெர்மின் மட்டும் ஏழே முக்காலுக்கே உள்ளே இருப்பாள், பக்கத்து நாற்காலியில் தன் பையை எனக்காக வைத்துக்கொண்டு. நான் வெளியே நிற்பேன், பை படிக்கும்.

நான்காம் வருடம் பழைய கையெழுத்து வகுப்பு வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மன்காரர்கள் எழுதிய எழுத்து. இன்றைக்கு அவர்கள் நாட்டிலேயே பெரும்பாலோருக்கு அது புரியாது. ஆறு மாதம் எங்களோடு படிக்க வந்திருந்த யோக்கென் என்ற ஜெர்மன் பையனிடம் மேடம் ஒரு பக்கத்தை நீட்டினார். அவன் திருப்பிப் பார்த்தான், தலைகீழாகப் பார்த்தான், வியர்த்துப்போனான். பிறகு ஹெர்மின் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனுடைய முப்பாட்டன் காலத்து எழுத்தை அவனுக்குக் கூட்டி வாசித்துக் காட்டினாள். வகுப்பே மேசையைத் தட்டியது. யோக்கெனும் சேர்ந்து தட்டினான், நல்ல பையன்.

ஐந்தாம் வருட ஆய்வுக்கு மேடம் எங்களுக்குக் கொடுத்தது ஒரு பதிவேட்டின் படங்கள். ஜெர்மன் ஆவணக்காப்பகம் ஒன்றிலிருந்து வந்தவை. மலையிலிருந்து கீழே ரயில் வரும் ஊருக்குச் சாலை போட்டபோது, சாலை ஓரத்தில் இருந்த நோயாளிக் கொட்டகையில் எழுதிய பதிவேடு. ஆளுக்கு நாற்பது பக்கம். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம்.

"வாசிக்க முடியாததுக்குத்தான் புள்ளி," என்றார் மேடம். "பிடிக்காததுக்கு இல்ல. சோம்பேறித்தனத்துக்கும் இல்ல, தெம்கோவா."

தெம்கோவா நான்தான்.

அது ஒரு புதன்கிழமை மத்தியானம். வாசிப்பறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஹெர்மின் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பிறகு பக்கத்தை என் பக்கம் தள்ளி, விரலை வைத்து வாசித்தாள்.

"அறுபத்துமூன்று. ட்சோபெங். மூட்டை தூக்குபவர். இடது கையில் ஆறு விரல். வயிற்றுக் கடுப்பு, மூன்று நாள். பகலில் இறந்தார். மெனுவா பாலத்தின் மேல்கரையில் புதைக்கப்பட்டார்."

முன் வரியில் ஹெர்மின் ஊர்த் தலைவரின் பெயரும் இருந்தது. ஆறு விரலோனே, ஆறு விரலோனே என்றுதான் அவள் அப்பா அந்தப் பானைக்கு முன்னால் நின்று கூப்பிடுவார். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"கண்டுபிடிச்சுட்டே!" என்று குதித்தேன். எனக்கு எப்போதும் பாதிதான் உடனே புரியும்.

"மெனுவா பாலம்டா," என்றாள். "கடல் இல்ல. சாந்த்சூ இறக்கத்துக்குக் கீழ. இங்கேருந்து பஸ்ல ஒரு மணி நேரம். அப்பா நாப்பது வருஷமா யாரோட மண்ணுக்கு உப்பு வைக்கிறாரு?"

அப்போதுதான் எனக்கு மீதிப் பாதியும் புரிந்தது. ஆய்வை எல்லோர் முன்னாலும் விளக்கி அரங்கேற்றும் நாளில் எங்கள் ஊரில் குடும்பமே வந்து உட்காரும். அஸாங்கே முன்வரிசையில் இருப்பார். வாரிசுப் பதவி தங்களுக்கு வரவில்லையே என்று இத்தனை வருடமாகப் புழுங்கிக்கொண்டிருக்கும் அவர் தம்பிகள் இருவரும் இருப்பார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கம் சுவரில் பெரிதாகத் தெரியும். குடும்பத்து ஆடுகளையெல்லாம் ஊர் பேர் தெரியாதவனுக்கு அறுத்துப் போட்ட வாரிசு என்று அன்றைக்கே கிழித்துவிடுவார்கள். அதுவும் எதனால்? அவர் வேண்டாம் என்று சொன்ன படிப்பால், சொந்த மகளால்.

"புள்ளி வச்சிரு ஹெர்மின்," என்றேன். "மழைல நனைஞ்ச பக்கம்னு சொல்லிக்கலாம். பேரு இருக்கிற இடத்துல மூணு புள்ளி. யார் போய்ப் பாக்கப் போறா?"

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பென்சிலை எடுத்தாள், வைத்தாள். நாலு நாள் அந்த வரிக்கு எதிரே இடம் வெறுமனே கிடந்தது. சாப்பாட்டுக் கடையில் அவித்த வாழைக்காயைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "புள்ளி வச்சா எங்கப்பா மானம் தப்பிச்சுடும். ஆனா கொள்ளுத்தாத்தா அங்கயே கிடப்பாரு" என்றாள். இன்னொரு நாள், "அவருக்கு எழுபத்திரெண்டு வயசுடா. இதுக்கப்புறம் என் முகத்தப் பாப்பாரா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். "நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்திரு" என்றாள். நான் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

அஸாங்கே முற்றத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஹெர்மின் பக்கத்தை விரித்து முதலில் ஜெர்மனில் வாசித்தாள், பிறகு எங்கள் பாஷையில் சொன்னாள். அவர் கையில் இருந்த வாருகோல் நின்றது.

"மறுபடி படி," என்றார். "அவன் எழுதின மாதிரியே."

ஜெர்மனில் மறுபடி வாசித்தாள். ஒரு சொல்லும் புரியாமல் அவர் கடைசிவரை கேட்டார். ட்சோபெங் என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்து, எங்களைப் பார்க்காமல், மண்டை ஓட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு கோழி வந்து காப்பிக்கொட்டையைக் கிளறியது. அதை விரட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. ஹெர்மின் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. அவர் வந்து ஹெர்மினுக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

"விக்டோரியாலேருந்து அந்த மண்ண மடில வச்சுத்தான் பஸ்ல வந்தேன்," என்றார். "செத்தவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்போது ஒவ்வொரு பாலத்துலயும் எறங்கிச் சொல்லணும். சொல்லலேன்னா தண்ணிய தாண்ட மாட்டாங்க, அங்கயே நின்னுருவாங்க. பாலம் பாலமா எறங்குனேன். டிரைவர் என்னைய திட்டாத திட்டு இல்ல. பஸ்ல இருந்தவனெல்லாம் சிரிச்சான். மெனுவா பாலத்துலயும் எறங்குனேன். பேர் சொல்லி மூணு தடவ கூப்பிட்டேன். 'ட்சோபெங், ஆறு விரலோனே, எந்திரிங்க, தண்ணி வந்துருச்சு, வீட்டுக்குப் போவோம்.'"

நிறுத்தி மகளைப் பார்த்தார்.

"அவரு அங்கதானே படுத்திருந்தாரு? பேரச் சொல்லிக் கூப்பிட்டா கேக்காமலா இருந்திருக்கும்?"

ஹெர்மின் உடைந்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

"அப்போ அந்தப் பானைல இருக்கிறது யாருங்க பெரியப்பா?"

"கூப்பிட ஆளில்லாம கெடந்த யாரோ. அவரும் வந்துட்டாரு. நாப்பது வருஷம் நம்ம உப்பத் தின்ன மனுசன இப்ப எங்க போகச் சொல்றது? அவரும் இருக்கட்டும்."

அரங்கேற்றத்தன்று அந்த வரி முழுசாகச் சுவரில் வந்தது. தம்பிகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அஸாங்கேயே எழுந்து நின்றார். "மண்ணு மாத்தி எடுத்தவன் நான்தான். அதைக் கண்டுபிடிச்சது எம்மக. சொல்றதுக்கு வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். பிறகு மேடம் பயீகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குலுக்கினார். மேடம் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்ற ஒரே நாள் அது.

அடுத்த சனிக்கிழமை மெனுவா பாலத்துக்குப் போனோம். அஸாங்கே மேல்கரையில் மண்டியிட்டு, முன்னோர்களுக்குப் படைக்கும் கோலாக்கொட்டையை உடைத்து வைத்து, ட்சோபெங்குக்கென்று ஒரு புதுப் பானையில் மண் எடுத்தார். எழுந்தவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"இந்தக் கரையில வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா. இன்னும் எட்டு பேர்."

"அவங்க ஊரு, பேரு?"

"எல்லாம் எழுதியிருக்கு."

"அந்தக் காகிதம் கைல இருக்கா?"

ஹெர்மின் பையிலிருந்து எடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"படிம்மா. நீ பேரச் சொல்லு, நான் கூப்பிடுறேன்."

லாரிகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டு போயின. அவள் ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்து, அவசரப்படாமல் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்: "எந்திரிங்கய்யா. உங்க வீட்டுல இனிமே சொல்லிடுவோம்."

பள்ளியில் பாடம் எடுக்காத நாட்களில் ஹெர்மின் இப்போது அந்த ஊர்களுக்குத்தான் போய்வருகிறாள். ஆறு குடும்பம் வந்து மண் எடுத்துப் போய்விட்டது. மீதி இரண்டு பேருடைய வீடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அவளோடு நானும் போனேன்.