நடு மாநிலத்தில் நிற்கும் பிள்ளை

நாலாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் கிழக்கு மண்டல மாநிலங்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்துவிட்டு, எந்த மாநிலத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் உருப்படியாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஏழு மாநிலம், ஏழு தலைநகரம், ஏழு விளைபொருள். பிள்ளைகள் பாட்டாக ஒப்பிக்கும், பரீட்சையில் கொட்டும், மறுநாள் மறக்கும். பெரியவர்கள் மட்டும் என்னத்தைக் கிழித்தார்கள்? தலைமையாசிரியரை நிறுத்தி வைத்துக் கேட்டால் அவரே திருதிருவென்று விழிப்பார்.

கயிற்று டீச்சரின் வகுப்பில் மட்டும் கதை வேறு. அந்தப் பெயரை வைத்தவர்கள் பிள்ளைகள்தான். அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். பாடம் தொடங்கும் நாளில் பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளுவாள். லாரி மெக்கானிக்கான அவள் கணவன் பட்டறையில் கழித்துப் போட்ட தார்ப்பாய்க் கயிறுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவற்றைச் சோப்புப் போட்டு அலசி, தரையில் வளைத்து வளைத்துப் போட்டால் ஏழு மாநிலம் தயார். நீல நைலான் கயிறு ஆறு. கரும்பலகைக்கு அடியில் இருக்கும் சிமெண்டு மேடை கடல். மாநிலத்துக்கு ஒரு பிள்ளை. மிச்சப் பிள்ளைகள் லாரி, ரயில், வியாபாரி.

சட்டம் இரண்டே இரண்டு. எல்லை தொடுகிறவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் மண்ணில் கால் வைப்பதற்கு முன் கேட்க வேண்டும்.

"உன் வழியா கடலுக்குப் போகலாமா?" என்று நிலக்கரி மாநிலம் கேட்கும்.

"என்ன கொண்டு போற?" என்று கடலோர மாநிலம் இடுப்பில் கை வைக்கும்.

"நிலக்கரி."

"என் சட்டையெல்லாம் கரியாயிடும். சுத்திப் போ."

சுற்றிப் போனால் மலை. மலையில் ஏற முடியாத லாரி நடு வழியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும். கொஞ்ச நேரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். ஆனால் பாடம் முடிகிறபோது எது எதனோடு ஒட்டியிருக்கிறது என்பது பிள்ளைகளின் உடம்பிலேயே ஏறியிருக்கும். அப்புறம் எத்தனை வருஷம் போனாலும் இறங்காது.

அந்த ஏழில் நடு மாநிலம் என்று ஒன்று. இருப்பதிலேயே சின்னது. கடல் இல்லை, மலை இல்லை, சுரங்கம் இல்லை. பாடப்புத்தகமே போனால் போகிறதென்று அதற்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தது. ஆனால் மற்ற ஆறு மாநிலமும் அதைத் தொடுகின்றன. ஆறு பேரும் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கை போதாமல் ஒருவன் தோளைப் பிடிப்பான், ஒருத்தி முழங்கையைப் பிடிப்பாள், இடம் கிடைக்காதவள் பின்னலைப் பிடித்துத் தொங்குவாள். அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்பதைக் கயிற்று டீச்சர் ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுவாள். வகுப்பில் யார் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையோ அந்தப் பிள்ளையை. பாடம் மாநிலங்களைப் பற்றியதுதான், ஆனால் அவள் இந்த விளையாட்டை நடத்தியதே இதற்காகத்தான்.

காரணம் அவள் கையில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் உள்ளங்கைகளில் தோல் வெடித்து வெடித்து உரியும். ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் என்ன, பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தா சொல்லப்போகிறார்? வட்டமாகக் கைகோத்து ஆடும் விளையாட்டில் அவள் பக்கம் வந்ததும் வட்டம் அறுந்துவிடும். ஒரு பெண், மனசு நல்ல பெண்தான், தன் கைக்குட்டையின் ஒரு முனையை அவளிடம் நீட்டி மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்காலம் முழுக்க அவள் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினாள். வளர்ந்த பிறகு நாலு பேர் இருக்கிற இடத்தில் கையை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், நாள் முழுக்க சாக்பீஸ். தூள் பட்டால் வெடிப்பில் ரத்தம் கசியும். தரையில் வரைய முடியாமல்தான் கயிற்றுக்கே போனாள். போன தடவை தோல் டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். "ஒண்ணு சாக்பீஸை விடுங்க, இல்ல கைய விடுங்கம்மா" என்றார்.

அந்த நேரத்தில்தான் வட்டாரப் பயிற்சி ஆசிரியர் வேலை ஒன்று வந்தது. மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. கரும்பலகைப் பக்கமே போக வேண்டாம். ஒரே ஒரு இடம். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவர் பயிற்சி மண்டபத்தில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அதிகாரிக்குப் பிடித்தவருக்கு வேலை. அவள் கை பிழைக்க வேறு வழி இல்லை.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு மைக் என்று பெயர். பள்ளியில் எந்த விழா என்றாலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள், அதனால். ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் இருந்த இரண்டு நாற்காலிகள் வருஷக்கணக்காக இவர்கள் இருவருக்கும்தான். மற்றவர்கள் பெரிய மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். மைக் இவளைவிடச் சின்னவள், வாய்க்கு வாய் அக்கா. ஒருநாள் கைக்குட்டைக் கதையை மைக்கிடம் சொன்னாள். கட்டிய கணவனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. மைக் அழுதுவிட்டாள். மருந்து பிசுபிசுத்த அந்தக் கைகளை எடுத்து, முகம் சுளிக்காமல் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கூடப் பிறக்காத குறைதான் என்று கயிற்று டீச்சர் அன்றைக்கு நினைத்தாள்.

"அக்கா, இந்த வேலை உங்களுக்குன்னே வந்திருக்கு," என்றாள் மைக். "மாதிரி வகுப்பு நீங்கதான் எடுக்கணும்."

"எரநூறு பேர் முன்னாடியா? கைய எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பேன்? போடி."

"சரி, பேச்சை நான் பாத்துக்கறேன். கயிறும் பிள்ளைங்களும் உங்க பொறுப்பு. கடைசில, இதெல்லாம் எங்க அக்காவோட யோசனைன்னு சொல்லி உங்கள மேடைக்குக் கூப்பிடறேன். சும்மா வந்து கைய அசைச்சிட்டுப் போங்க, போதும். வேலை உங்க பேருக்கு வந்திடும்."

"அசைக்கவும் கைதான வேணும்?"

இருவரும் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. கயிற்று டீச்சர் மேடையின் தரையில் மண்டியிட்டுக் கயிறுகளைப் போட்டாள், பிள்ளைகளை நிறுத்தினாள், பிறகு மேடைக்குக் கீழே ஓரமாக உப்புக்குச் சப்பாணி போல உட்கார்ந்துகொண்டாள். நடு மாநிலத்தில் ஒரு ஊமைக்கோட்டான் பெண்ணை நிறுத்தியிருந்தாள். மைக் பிரமாதமாகப் பேசினாள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லாரி மலையில் உட்கார்ந்து அழுதபோது மண்டபமே குலுங்கியது. வேலை கிடைத்தது மாதிரிதான் என்று ஓரத்தில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி எழுந்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா கயிறு எதுக்கு? சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டா முடிஞ்சதே?"

மைக் முதல் தடவையாகத் தடுமாறினாள். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தாள். "சாக்பீஸ் கோடு அழிஞ்சிடும் சார். கயிறு அழியாது," என்றாள். கைதட்டினார்கள்.

"நடுவுல அந்தப் பொண்ண நிறுத்தினது யாரு? வாயே தெறக்கலையே."

இதோ, இப்போது சொல்லிவிடுவாள் என்று கயிற்று டீச்சர் நினைத்தாள். எழுந்திருக்கத் தயாராகப் புடவையைக்கூடச் சரிசெய்துகொண்டாள்.

மைக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப சார், என் கையில தோல் வியாதி. யாரும் என் கைய பிடிக்க மாட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் கைக்குட்டையோட ஒரு முனைய எனக்குக் குடுத்து..."

அவள் மிச்சத்தையும் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரியும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

கயிற்று டீச்சர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாடத்தைத் திருடினால் தொலையட்டும், பாடம்தானே. ஆனால் அந்த மைதானத்தில் தனியாக நின்றது அவள். அந்தக் கைக்குட்டையைப் பிடித்தது அவள். அத்தனை வருஷ அவமானத்தையும் இந்தச் சின்னவள் இரவல் புடவை மாதிரி கட்டிக்கொண்டு மேடையில் நடக்கிறாளே. பொய் என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. எழுந்து நின்று, எரநூறு பேருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அவள் செத்தாலும் அதைச் செய்யமாட்டாள் என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தியின் கையில்தான் மைக் இருந்தது.

"அந்த ஓரமா உக்காந்திருக்கறவங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஸ்கூல்தான் சார். கயிறு போட ஒத்தாசைக்கு வந்தாங்க."

அப்புறம், அதுவும் ஒரு காட்சிதானே, மைக் இறங்கி வந்து எல்லாரும் பார்க்கக் கையை நீட்டினாள். "வாங்கக்கா, நீங்களும் எங்களோட கை கோத்துக்கங்க."

வாழ்நாளெல்லாம் யாராவது கை நீட்டமாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். அன்றைக்கு நீட்டிய கையைத் தொடவில்லை. கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு பிள்ளைகளின் செருப்புகளைத் தேடுவது போலக் குனிந்துவிட்டாள். பின்னால் யாரோ, "பொறாமை பாரேன்," என்றது அவள் காதில் விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நடு மாநிலப் பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி போன பிறகு வாயைத் திறந்தாள். "மைக் டீச்சர் கை நல்லா வழவழன்னு இருக்கே டீச்சர்?"

"ஆமா," என்றாள் கயிற்று டீச்சர். அந்தப் பெண் அவள் முந்தானை மடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேலை மைக்குக்குத்தான் கிடைத்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். கயிற்று டீச்சர் ஜன்னலோர நாற்காலியை விட்டுவிட்டுத் தன் வகுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். கயிறு யாருடையது என்பது அந்தப் பள்ளிக்கே தெரியும். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் பெரிய மேஜையில் மைக்குக்கு நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டு வேளையில் மைக் வந்து கதவோரம் நின்றாள்.

"கோவமாக்கா? நீங்க எப்படியும் மேடை ஏறியிருக்க மாட்டீங்க. யாருக்கோ போறதுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு..."

"பாடத்த எடுத்துக்கிட்ட, சரி. அந்தக் கதையையாவது விட்டு வச்சிருக்கலாமே."

"அந்த நேரத்துல வாயில வந்திடுச்சுக்கா."

மைக் தரையைப் பார்த்தாள். "பயிற்சிக்குக் கயிறு வேணும். புதுக் கயிறு வழுக்குது, வளைஞ்சு நிக்க மாட்டேங்குது."

கயிற்று டீச்சர் அலமாரியைத் திறந்து கயிற்றுப் பையை எடுத்துக் கொடுத்தாள். நீல நைலானையும் சேர்த்துத்தான். மைக் வாங்கிக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. யார நடுவுல நிறுத்தணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? என் வகுப்புல பாத்தேன். எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது."

கயிற்று டீச்சர் டப்பாவை மூடினாள்.

"இந்த வாரம் பூரா மத்தியானம் யார் பக்கத்துல உக்காந்து சாப்ட்ட?"

மைக் பையை மறு கைக்கு மாற்றினாள்.

"இப்ப போய்க் கண்ணாடில உன் மூஞ்சியப் பாரு. அதே மூஞ்சி எந்தப் பிள்ளைக்கு இருக்கோ, அத நிறுத்து."

மணி அடித்தது. மைக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கயிற்று டீச்சர் பெஞ்சுகளை நகர்த்தச் சொன்னாள். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து, தரையில் குனிந்து, நடு மாநிலத்திலிருந்து வரைய ஆரம்பித்தாள்.