பூமாரி பேசிய நிர்வாகத் தரப்பு

பூமாரியோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. சட்டக் கல்லூரியில் என் வகுப்பு, கூடலூர்க்காரி. அவள் அம்மா அக்கம்மாள், லோயர் கேம்ப் வழியாக ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து வந்தவர். ஒருநாள் வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அதோடு வலது கை விரல்கள் மடங்காமல் போயின. தோட்டத்தார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு ஒன்றைத்தான் அந்த வீடு நம்பியிருந்தது.

அந்த வருடம், மாணவர்களே வக்கீல்களாக வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வந்ததும் அதே போன்ற வழக்கு. ஆலைக்குப் போகிற வழியில் வேன் விபத்து. முதலாளி பொறுப்பா, இல்லையா? சீட்டுக் குலுக்கியதில் எங்கள் அணிக்கு நிர்வாகத் தரப்பு விழுந்தது. "சட்டம் தெரியாத ஒருத்தர் முன்னால பேசிப் பழகுங்க. அவுகளுக்குப் புரிஞ்சா நீதிபதிக்கும் புரியும்" என்றார் பேராசிரியர். பூமாரிக்குக் கிடைத்த ஆள் அம்மாதான்.

"வேனில் ஏறியது தொழிலாளியின் சொந்த விருப்பம். பஸ்ஸிலும் வந்திருக்கலாம். ஆலை வாசலைத் தாண்டிய பிறகே வேலை தொடங்குகிறது." தினமும் இதைக் கேட்டு அக்கம்மாளுக்கு ஒரே பூரிப்பு. இது சீட்டில் விழுந்த தரப்பு, மாற்றிப் பேசச் சொன்னால் மாற்றியும் பேசுவோம் என்று பூமாரி சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றவே இல்லை. எங்களுக்கு அது பழகிப்போன விளையாட்டு. போட்டியில் நாங்கள்தான் ஜெயித்துக் கோப்பை வாங்கினோம்.

பிறகு அக்கம்மாள் சாட்சி சொல்லும் நாள் வந்தது. நானும் துணைக்குப் போனேன்.

அவருடைய வக்கீலே கேட்டார். "அந்த ஜீப்புலதான் வரணும்னு தோட்டத்துல சொன்னாகளாம்மா?"

ஆமாம் என்றால் போதும். உண்மையும் அதுதான். ஜீப்பில் வராதவர்களுக்கு வேலையே தரமாட்டார் கங்காணி. அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது.

அக்கம்மாள் நிமிர்ந்து நின்றார். "சட்டப்படி அது என் விருப்பந்தாங்கய்யா. பஸ்ஸுலயும் போயிருக்கலாம். தோட்டத்து வாசலத் தாண்டுனாத்தான் வேலை."

வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். அக்கம்மாள் அசையவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையே வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அந்தப் பேராசிரியர் மேல், கோப்பை மேல், எங்கள் எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்ததும் பூமாரி கேட்டாள். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன? நீ படிச்ச சட்டத்துக்கு மாறா நானே பேசலாமா ஆத்தா? காசுக்காகப் பொய் சொன்னவ மகள்னு நாளைக்கு உன்னை யாரும் சொல்லிறக் கூடாதுல்ல."